வீட்டுக்குள் ஒரு ஜிம்: ஆல் இன் ஒன் மெஷின் வாங்கும் முன் தெரிந்து கொள்ளுங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஜிம் மெஷினுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் மாறுவது உட்காரும் நேரம்தான். நான் சாப்ட்வேர் எஞ்சினியர். அலுவலகத்தில் எட்டு மணி நேரம், வீட்டில் இரண்டு மணி நேரம் நாற்காலியில் போகிறது. இருபத்தெட்டு வயதில் கழுத்தும் தோளும் இறுகிப் போவது எங்கள் துறையில் சாதாரணமாகிவிட்டது. அதனால்தான் சென்ற ஆண்டு வீட்டு உபயோகத்திற்கான ஆல் இன் ஒன் ஜிம் மெஷின் ஒன்றை வாங்கினேன். வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நான் தேடித் தெரிந்து கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மெஷின்களின் விலை ஒரு நல்ல கம்ப்யூட்டரின் விலைக்குச் சமம். என் மெஷினுக்கு, டெலிவரியும் பொருத்தும் கூலியும் சேர்த்து, 38,000 ரூபாய் ஆனது. சரியாகப் பார்த்து வாங்காவிட்டால் இது துணி காயப் போடும் ஸ்டாண்டாக மாறிவிடும். அதைவிட மோசம், அறுந்த கேபிளால் அடிபடுவது. பணமும் உடம்பும் இரண்டும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆல் இன் ஒன் மெஷின் என்றால் என்ன?

ஜிம்மில் மார்புக்கு ஒரு மெஷின், முதுகுக்கு ஒரு மெஷின், காலுக்கு ஒரு மெஷின் என்று தனித்தனியாக இருக்கும். ஒரே சட்டத்தில் பல பயிற்சிகளை அடக்கும் மெஷின் புதிய விஷயமல்ல. அமெரிக்காவில் ஹரால்ட் ஜின்கின் என்பவர் 1957-ல் யூனிவர்சல் என்ற பெயரில் இத்தகைய மெஷினை உருவாக்கினார். இன்று வீடுகளுக்கு விற்கப்படுபவை அதன் குட்டி வடிவங்கள் எனலாம்.

வீட்டு மெஷினில் பொதுவாக இருக்கும் பகுதிகள் இவை. இரும்புச் சட்டம், அதாவது பிரேம். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய எடைத் தகடுகள், அதாவது வெயிட் ஸ்டாக். எத்தனை தகடு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு பின். எடையையும் கைப்பிடியையும் இணைக்கும் கேபிள். கேபிள் ஓடும் கப்பிகள். பிறகு ஒரு சீட். மேலே உள்ள நீளமான கம்பியை இழுத்தால் முதுகுக்குப் பயிற்சி. இதை லேட் புல்டவுன் என்பார்கள். முன்னால் உள்ள கைகளைத் தள்ளினால் மார்புக்கு. இது செஸ்ட் பிரஸ். கீழே உள்ள கப்பியில் கைப்பிடியை மாட்டி இழுத்தால் நடு முதுகுக்கும் கைகளுக்கும். சீட்டுக்குக் கீழே உள்ள உருளைகளைக் காலால் உயர்த்தினால் தொடைக்கு. இது லெக் எக்ஸ்டென்ஷன்.

எடை எங்கிருந்து வருகிறது?

வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நான்கு வகைகள் உண்டு.

முதல் வகை, வெயிட் ஸ்டாக். நிஜமான இரும்பு அல்லது சிமெண்ட் நிரப்பிய தகடுகள். இழுக்கத் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஏறக்குறைய ஒரே எடை இருக்கும். கரண்ட் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஆனால் கனம் அதிகம். வேறு வீட்டுக்குக் குடி போகும்போது சிரமம்.

இரண்டாவது வகை, வளையும் தண்டுகள் அல்லது ரப்பர் பட்டைகள். போபிளெக்ஸ் என்ற அமெரிக்க பிராண்ட் இதில் புகழ் பெற்றது. வில்லை வளைப்பது போலத்தான் இதன் செயல்பாடு. தொடக்கத்தில் லேசாக இருக்கும். இழுக்க இழுக்கக் கனக்கும். கனமும் இடமும் குறைவு. ஆனால் அதில் எழுதியிருக்கும் எடை, முழுவதும் வளைந்த நிலையில் கிடைக்கும் எடை என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது வகை, சாய்வுப் பலகை. டோட்டல் ஜிம் இந்த வகை. சக்கரம் வைத்த பலகையில் நீங்களே படுத்துக் கொண்டு சரிவில் ஏறி இறங்குவீர்கள். உங்கள் உடல்தான் எடை. பிளஸ் டூ இயற்பியலில் படித்த சைன் கணக்கு இங்கே உதவும். 70 கிலோ எடையுள்ளவர் 30 டிகிரி சாய்வில் கால்களால் தள்ளினால், சைன் 30 என்பது 0.5 ஆகையால், கால்களுக்கு வரும் சுமை 35 கிலோ. சாய்வை மாற்றினால் எடை மாறும்.

நான்காவது வகை, மோட்டார். இதில் இரும்பே இல்லை. மின்மோட்டார் ஒன்று கேபிளைப் பின்னுக்கு இழுக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைச் சாப்ட்வேர் தீர்மானிக்கும். 2018-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டோனல் இப்படிப்பட்டது. சுவரில் மாட்டிய டிவி போல இருக்கும். இரண்டு கைகளும் சேர்ந்து 200 பவுண்ட், அதாவது சுமார் 91 கிலோ வரை கொடுத்தது. இது பற்றித் தனியாகப் பிறகு பார்ப்போம்.

முதன்முறை வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு வெயிட் ஸ்டாக் வகை. வேலை செய்யும் முறை கண்ணுக்குத் தெரியும். பழுதானால் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலும் ஓரளவு சரி செய்திடலாம்.

150 என்றால் 150 அல்ல

500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி கம்ப்யூட்டரில் மாட்டினால் விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டும். மீதி எங்கே போனது என்று புதியவர்கள் பதறுவார்கள். எங்கும் போகவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. ஜிம் மெஷின் விளம்பரத்திலும் இதே போன்ற விஷயங்கள் உண்டு.

முதலில் யூனிட்டைப் பாருங்கள். சில விளம்பரங்களில் 150 என்று பெரிதாக இருக்கும். அது பவுண்ட். ஒரு பவுண்ட் 0.4536 கிலோ என்பதால் 150 பவுண்ட் என்பது 68 கிலோ.

அடுத்தது கப்பி விகிதம். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கப்பி ஓர் இடத்தில் நிலையாக இருக்கும். அது திசையை மட்டும் மாற்றும். வாளி 10 கிலோ என்றால் கைக்கும் 10 கிலோதான். ஆனால் எடையோடு சேர்ந்து மேலேறும் கப்பி ஒன்று இருந்தால் எடையைக் கேபிளின் இரண்டு பக்கங்களும் பகிர்ந்து கொள்ளும். கைக்கு வருவது பாதி. சில மெஷின்களில் 100 கிலோ ஸ்டாக் இருந்தும் கையில் 50 கிலோதான் தெரிவது இதனால்தான். இது ஏமாற்று அல்ல. பாதி எடை கிடைக்கும் மெஷினில் கேபிள் இரண்டு மடங்கு நீளம் வெளியே வரும். பல பயிற்சிகளுக்கு அது வசதி. ஆனால் எது எவ்வளவு என்று தெரிந்துதான் பணம் கொடுக்க வேண்டும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் இஞ்ச் டேப் போதும். கைப்பிடியைச் சரியாக 60 சென்டிமீட்டர் இழுத்துப் பிடித்துக் கொள்ளுங்கள். கூட வந்தவரை, தகடுகள் எவ்வளவு உயர்ந்தன என்று அளக்கச் சொல்லுங்கள். 60 சென்டிமீட்டர் உயர்ந்தால் முழு எடை கைக்கு வருகிறது. 30 சென்டிமீட்டர் என்றால் பாதி எடை. ஒரே மெஷினில் மேல் கப்பிக்கு ஒரு விகிதமும் செஸ்ட் பிரஸ்ஸுக்கு வேறு விகிதமும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள்.

மூன்றாவதாக, அதிக எடையை மட்டும் பார்க்காமல் குறைந்த எடையையும் கேளுங்கள். வீட்டில் நீங்கள் மட்டும்தானா பயன்படுத்தப் போகிறீர்கள்? அம்மா, மனைவி, தங்கை எல்லோரும் பயன்படுத்தினால்தான் இந்த விலை கட்டுப்படியாகும். முதல் தகடே ஒருவருக்கு மிகக் கனமாக இருந்தால் அவருக்கு அந்த மெஷின் இல்லை என்றே அர்த்தம். அதோடு தகட்டுக்குத் தகடு எவ்வளவு கூடுகிறது என்பதும் முக்கியம். 5 கிலோ வீதம் கூடுவது இளைஞருக்குச் சரி. வயதானவருக்கு 2.5 கிலோ வீதம் கூடினால் நல்லது.

வாங்கும் முன் மேனுவலை டவுன்லோட் செய்திடுங்கள்

உங்கள் புதிய கம்ப்யூட்டருக்கு இப்போது வேலை. மெஷினின் மாடல் பெயரையும், அதன் பின்னே மேனுவல், பிடிஎப் என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் மேனுவல்களை இலவசமாகவே தருகின்றன. விற்பனைப் பக்கத்தில் இல்லாத உண்மைகள் மேனுவலில் இருக்கும். பிடிஎப் பைலைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் கிடைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை:

1. பொருத்தி முடித்தபின் நீளம், அகலம், உயரம். அட்டைப்பெட்டியின் அளவோடு இதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

2. பயன்படுத்துபவரின் அதிகபட்ச எடை. 100 கிலோ என்று போட்டிருந்தால் 110 கிலோ எடையுள்ள அண்ணன் அதில் உட்காரக் கூடாது.

3. எடை அட்டவணை. சில நிறுவனங்கள் எத்தனையாவது தகட்டுக்கு எந்தப் பயிற்சியில் எவ்வளவு எடை என்று பட்டியலே தந்திருப்பார்கள். இது இருந்தால் நல்ல அடையாளம்.

4. உதிரி பாகப் பட்டியல். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கேபிளுக்கும் எண் இருக்க வேண்டும். கேபிளின் நீளம் மில்லிமீட்டரில் தரப்பட்டிருந்தால் பிற்பாடு மாற்றுவது சுலபம்.

5. தர நிர்ணயம். உடற்பயிற்சி மெஷின்களுக்கு ஐஎஸ்ஓ 20957 என்ற சர்வதேசத் தரம் உண்டு. அதில் ஹெச் என்ற எழுத்து வீட்டு உபயோகத்தையும் எஸ் என்ற எழுத்து ஜிம் உபயோகத்தையும் குறிக்கும். ஹெச் வகை மெஷினை அபார்ட்மெண்டின் பொது அறையில் வைத்து எல்லோரும் பயன்படுத்தினால் வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

வாரண்டியைப் படிக்கும்போது பிரேமுக்கு எத்தனை ஆண்டு, கேபிளுக்கும் கப்பிக்கும் எத்தனை ஆண்டு என்று பிரித்துப் பாருங்கள். பிரேம் உடைவது அபூர்வம். தேய்வது கேபிளும் கப்பியும் சீட் ரெக்சினும்தான். பிரேமுக்குப் பத்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு கேபிளுக்கு ஆறு மாதம் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இடம் இருக்கிறதா?

என் மெஷின் 160 சென்டிமீட்டர் நீளம், 110 சென்டிமீட்டர் அகலம், 208 சென்டிமீட்டர் உயரம். நம் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் உயரத்தில் வரும். படுக்கையறையில் ஏழு அடியில் பரண் போட்டிருந்தால் அது 213 சென்டிமீட்டர். பெயருக்கு 5 சென்டிமீட்டர் மிச்சம் இருந்தாலும் மேல் கப்பியில் கேபிள் மாட்டக் கைகூடப் போகாது. பரண் இல்லாத சுவர்ப்பக்கமாகப் பாருங்கள்.

வாங்கும் முன் சாக்பீஸால் தரையில் மெஷினின் அளவை வரைந்து விடுங்கள். செஸ்ட் பிரஸ் கைகள் முன்னால் வரும் இடம், காலை நீட்டும் இடம், பின்னால் ஸ்டாக் அருகே போய்ப் பார்க்கும் இடம் என்று சுற்றிலும் இரண்டடி கூட்டிக் கொள்ளுங்கள். இரண்டு நாள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் வீட்டில் நடமாடிப் பாருங்கள். பீரோ திறக்க முடியவில்லை, ஜன்னலை எட்ட முடியவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

மாடி வீட்டில் தரை தாங்குமா என்று பலரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டாக் 68 கிலோ, பிரேம் 60 கிலோ, ஆள் 70 கிலோ. மொத்தம் 198 கிலோ. இது 1.76 சதுர மீட்டர் பரப்பில் பரவுகிறது. சதுர மீட்டருக்கு சுமார் 113 கிலோ. குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. முறையாகக் கட்டிய கான்கிரீட் தளத்தில் கவலை இல்லை. ஆனால் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, விரிசல் விட்ட தளம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். மெஷினின் பாதங்கள் சிறியவை. டைல்ஸ் உடையாமல் இருக்கக் கனமான ரப்பர் விரிப்பு அவசியம். கீழ் வீட்டுக்காரரின் தூக்கத்துக்கும் அதுவே காப்பு.

பால்கனியில் வைக்காதீர்கள். மழைச்சாரலும், கடலோர ஊர்களில் உப்புக் காற்றும், கேபிளின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிகளை அரித்துவிடும்.

இன்டர்நெட் கேட்கும் மெஷின்கள்

மோட்டார் வகைக்கு வருவோம். என் தொழில் சாப்ட்வேர் என்பதால் இவற்றைப் பார்க்கும்போது எனக்கு ஆர்வமும் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகின்றன. எடையைப் பட்டனில் அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கூட்டலாம். நீங்கள் தடுமாறினால் மெஷினே எடையைக் குறைக்கும். இடமும் குறைவு. எல்லாம் நல்லதுதான். ஆனால் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

மாதச் சந்தா கட்டாவிட்டால் மெஷின் எவ்வளவு வேலை செய்யும்? இன்டர்நெட் இல்லாதபோது எடையாவது கிடைக்குமா? பயிற்சி நடுவே கரண்ட் போனால் கேபிள் என்ன ஆகும்? வெளிநாட்டிலிருந்து வருவது என்றால் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா, இங்கே சர்வீஸ் யார் செய்வார்கள்?

இவை வெறும் கற்பனைப் பயங்கள் அல்ல. கண்ணாடி போன்ற திரையில் பயிற்சி சொல்லித் தந்த மிரர் என்ற சாதனத்தை லுலுலெமன் நிறுவனம் 2020-ல் 50 கோடி டாலருக்கு வாங்கியது; 2023-ல் அதன் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. போபிளெக்ஸ் நிறுவனம் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது; பிறகு தைவானின் ஜான்சன் ஹெல்த் டெக் அதை வாங்கியது. நிறுவனம் கைமாறினாலும் இரும்புத் தகட்டின் எடை மாறாது. சர்வர் நின்றால் சாப்ட்வேரின் எடை காணாமல் போகலாம்.

வந்து சேர்ந்ததும்

பெட்டிகள் வந்தவுடன் எண்ணிப் பாருங்கள். திறப்பதை மொபைலில் வீடியோ எடுத்து கம்ப்யூட்டரில் சேமித்து வையுங்கள். பாகம் குறைந்தாலோ வளைந்திருந்தாலோ அதுவே ஆதாரம். கடைக்காரர் கை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

பொருத்துவதற்கு இரண்டு பேரும் அரை நாளும் வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். முழுச் சட்டமும் நின்றபின் ஸ்பேனரால் இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் கடைசி இரண்டு துளைகள் பொருந்தாது. கேபிள் எந்தக் கப்பியின் மேலே, எதன் கீழே போகிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டு இருமுறை பாருங்கள். மேல் தகடு சும்மா இருக்கும்போது மற்ற தகடுகளின் மேல் நன்றாகப் படிந்திருக்க வேண்டும். பின் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். முதல் வாரம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள்.

நிஜ எடையை அளக்கலாம்

மேனுவலில் எடை அட்டவணை இல்லையா? கவலை வேண்டாம். பழைய பேப்பர் கடையில் இருப்பது போன்ற ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். கீழ்க் கப்பியின் கொக்கியில் கைப்பிடிக்குப் பதில் தராசை மாட்டி மெதுவாக, ஒரே வேகத்தில் இழுங்கள். நகரும்போதே முள் காட்டும் எடையைக் குறித்துக் கொள்ளுங்கள். அதே போல மெதுவாக இறக்கும்போதும் குறியுங்கள். உதாரணமாக ஐந்தாவது தகட்டில் ஏற்றும்போது 28 கிலோ, இறக்கும்போது 23 கிலோ என்று வந்தால், சராசரியான 25.5 கிலோதான் நிஜ எடை. மிச்ச 2.5 கிலோ கப்பிகளின் உராய்வு. ஆறு மாதம் கழித்து இதே அளவை மீண்டும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடியிருந்தால், கப்பி தேய்கிறது அல்லது கம்பிகளில் தூசு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

என் அம்மாவுக்கு 54 வயது. டாக்டரைக் கேட்டுக் கொண்டுதான் தொடங்கினார். கீழ்க் கப்பியில் முதல் தகடு 6.4 கிலோ என்று அளந்து காட்டியபோது, இது ஒரு குடம் தண்ணீர் கூட இல்லையே என்றார். எண் தெரிந்ததும் பயம் போய்விட்டது. ஐந்து மாதத்தில் மூன்றாவது தகட்டுக்கு வந்திருக்கிறார். முன்பு 10 கிலோ அரிசிப் பை தரையிலேயே நான் வரும்வரை காத்திருக்கும். இப்போது நான் வீட்டுக்கு வருவதற்குள் அது சமையல் மேடையில் இருக்கிறது. இந்த மெஷினால் எங்கள் வீட்டில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எப்படிப் பயிற்சி செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான உடலுழைப்பும், அதோடு இரண்டு நாட்களாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. ஜிம் மெஷின் இரண்டாவது பாதிக்கு மட்டும்தான். நடையை இது ஈடு செய்யாது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம்.

தொடக்கத்தில் வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். நடுவில் ஒரு நாள் ஓய்வு விடுங்கள். ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கியபின், லேட் புல்டவுன், செஸ்ட் பிரஸ், கீழ்க் கப்பி இழுப்பு, லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல் என்று ஐந்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை செய்வது ஒரு செட். இரண்டு செட் செய்யுங்கள். செட்டுகளுக்கு நடுவே ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஓய்வு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இழுக்கும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். திரும்பும்போது உள்ளே இழுங்கள். மூச்சைப் பிடித்துக் கொண்டு எடை தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். லேட் புல்டவுன் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்காமல் மார்புக்கு முன்னால் இழுங்கள். தகடுகள் டமார் என்று விழாமல் மெதுவாக இறக்குங்கள். இறக்குவதும் பயிற்சிதான்.

ரத்த அழுத்தம், இதய நோய், சர்க்கரை, முட்டி அல்லது தோள் பிரச்னை, சமீபத்திய ஆபரேஷன் இருப்பவர்கள் டாக்டரின் அனுமதி பெற்றபின் தொடங்குங்கள். நெஞ்சு வலி, தலைச் சுற்றல் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

ஒர்க் ஷீட்டில் பதிவு செய்திடலாம்

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் எதுவானாலும் சரி. முதல் வரிசையில் தேதி, பயிற்சி, எடை, முறை, செட், மொத்தம் என்று ஏ முதல் எப் வரை ஆறு தலைப்புகள் தாருங்கள். எப்2 செல்லில் சமக் குறி டைப் செய்து, சி2 செல்லில் கிளிக் செய்திடுங்கள். பின் நட்சத்திரக் குறி, டி2 செல்லில் கிளிக், மீண்டும் நட்சத்திரக் குறி, இ2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 20 கிலோ, 10 முறை, 2 செட் என்றால் 400 என்று வரும். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் பார்முலா வந்துவிடும்.

எப்போது அடுத்த தகட்டுக்குப் போவது? இரண்டு செட்டிலும் 12 முறை சிரமமின்றிச் செய்ய முடிந்து, அது அடுத்தடுத்த இரண்டு நாளும் முடிந்தால் பின்னை ஒரு தகடு கீழே மாற்றுங்கள். அப்போது மொத்தம் குறையும். 20 கிலோவில் 12 முறை, 2 செட் செய்தபோது 480. 25 கிலோவில் 8 முறைதான் முடிகிறது என்றால் 400. வரைபடம் இறங்குகிறதே என்று சோர வேண்டாம். 25 கிலோவில் 10 முறைக்கு வந்ததும் 500 ஆகிவிடும். படிக்கட்டு போல இறங்கி ஏறுவதுதான் சரியான வரைபடம்.

மாதம் பத்து நிமிடப் பராமரிப்பு

மெஷினில் உயிர் ஆபத்து வரக்கூடிய இடம் கேபிள். மாதம் ஒருமுறை முழு நீளத்தையும் விளக்கொளியில் பாருங்கள். பிளாஸ்டிக் உறையில் விரிசல், வீக்கம், உள்ளே இருந்து நீட்டிக் கொண்டிருக்கும் கம்பி இழை எது தெரிந்தாலும் மெஷினைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். இரண்டு முனைகளையும் கவனமாகப் பாருங்கள்.

தகடுகள் ஏறி இறங்கும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடியுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். தூசு ஒட்டிக் கொள்ளும். வியர்வை பட்ட இடங்களை அன்றன்றே துடைத்தால் துரு வராது.

குழந்தைகள் உள்ள வீடா? பயிற்சி முடிந்ததும் பின்னைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். ஒருவர் இழுக்க, இன்னொருவர் தகடுகளுக்கு நடுவே விரலை வைப்பதுதான் இந்த மெஷின்களில் நாம் அஞ்ச வேண்டிய விபத்து. ஸ்டாக்கைச் சுற்றி மூடி உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

வாங்கலாமா?

கடைசியாக ஒரு கணக்கு. உங்கள் தெருவில் உள்ள ஜிம்முக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். வீட்டில் இருவர் பயன்படுத்தினால் மாதம் 3,000 மிச்சம். 38,000 ரூபாய் மெஷினின் விலை 13 மாதத்தில் திரும்பி வரும். ஒருவர் மட்டும் என்றால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். யாரும் தொடாவிட்டால் எப்போதும் திரும்பாது.

ஆகவே வாங்கும் முன் ஒரு மாதம் சோதனை செய்து பாருங்கள். வாரம் இரண்டு நாள், குறிப்பிட்ட நேரத்தில், வீட்டிலேயே சுவரில் கை வைத்துத் தள்ளும் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, தண்ணீர் பாட்டில் தூக்குதல் என்று செய்து, அதையே ஒர்க் ஷீட்டில் பதியுங்கள். மாதக் கடைசியில் எட்டு வரிசையில் ஆறாவது நிரம்பியிருந்தால் தைரியமாக மெஷின் வாங்குங்கள். இரண்டுதான் நிரம்பியிருக்கிறது என்றால் 38,000 ரூபாய் மிச்சம். இன்னொரு மாதம் முயன்று பாருங்கள். இந்த வரியைப் படித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். அதற்கு எந்த மெஷினும் தேவையில்லை.